தும்பு பொறுக்கும் பொறி



கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நமக்குப் 'பரிசோதனை' என்ற சொல் புதியதன்று. கித்தாக் காட்டில் மண்டோர் வந்து நின்று வெட்டுப்பட்டையைத் தடவிப் பார்ப்பார். உளி சற்று ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டிருந்தால் சுண்ணாம்புக் கட்டியால் ஓர் அடையாளம் போடுவார். பால் கொட்டகையில் வாளியிலுள்ள பாலை வடிகட்டி அளப்பார்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை பழுத்ததா, காயா என்று சாலையோரத்தில் எண்ணிப் பார்ப்பார்கள். பார்ப்பவர் சொல்லும் ஒரு சொல்லில் நம் வீட்டுச் சம்பளம் கூடும், குறையும்.

இன்று நாம் சொல்லப்போவதும் ஒரு பரிசோதனையின் வரலாறுதான். ஆனால் அது மரத்தைப் பார்க்கும் பரிசோதனை அன்று. கணினிக்காக மனிதர் எழுதும் கட்டளைகளைப் பார்க்கும் பரிசோதனை. 'இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்பீர்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று கணினித் துறையில் படிக்கிறார்கள், வேலையும் செய்கிறார்கள். ஒரு காலத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்த பெஸ்தாரி ஜெயாவில் இன்று பல்கலைக்கழகமே இருக்கிறது. பிள்ளைகள் செய்யும் வேலை இன்னதென்று பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகவே இந்த உரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணினி தானாகச் சிந்திப்பதில்லை. இதைச் செய், பிறகு அதைச் செய் என்று வரி வரியாக எழுதித் தந்தால் அதன்படி நடக்கும். அந்தக் கட்டளைத் தொகுதிக்கு நிரல் என்று பெயர். சிறிய நிரல் நூறு வரியில் முடியும். வங்கியிலும் மருத்துவமனையிலும் ஓடும் நிரல்கள் இலட்சக்கணக்கான வரிகள் கொண்டவை. அவற்றை ஒருவர் எழுத முடியாது. பத்துப் பேர், இருபது பேர் கூடி எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதன் மேல் மற்றொருவர் எழுதுவார். ஒருவர் வைத்த பிழை இன்னொருவர் தலையில் விடியும்.

அப்படியானால் பிழையைக் கண்டுபிடிப்பது யார்? தொடக்க காலத்தில் மனிதரே கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஃபேகன் என்பார், 1976-ஆம் ஆண்டில் ஒரு முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். எழுதியவரும் வேறு சிலரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நிரலை வரிக்கு வரி படித்துக் குறை காண்பதே அம்முறை. நல்ல முறைதான், பயனும் தந்தது. ஆனாலும் மனிதக் கண் களைத்துப்போகும். காலையில் பிடித்த பிழையை மாலையில் கோட்டைவிடும். வேண்டியவர் எழுதியதென்றால் சற்று விட்டுக்கொடுக்கும். வேண்டாதவர் எழுதியதென்றால் துருவிப் பார்க்கும்.

இதே குறை நம் ரப்பர்த் தொழிலிலும் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். புகைபோட்டு உலர்த்திய ரப்பர்ச் சீட்டை அக்காலத்தில் எவ்வாறு தரம் பிரித்தார்கள்? சீட்டை வெளிச்சத்திற்கு எதிரே தூக்கிப் பிடித்துக் கண்ணால் பார்த்தார்கள். குமிழி உண்டா, புள்ளி உண்டா, பூஞ்சணம் பூத்ததா என்று பார்த்து ஒன்றாந்தரம், இரண்டாந்தரம் என்று ஐந்தாந்தரம் வரை பிரித்தார்கள். ஒருவர் கண்ணுக்கு ஒன்றாந்தரமாகத் தெரிந்தது வேறொருவர் கண்ணுக்கு இரண்டாந்தரமாகத் தெரிந்தால் என் செய்வது?

1965-ஆம் ஆண்டில் மலேசியா இதற்கு ஒரு மாற்று வழி கண்டது. 'எஸ்.எம்.ஆர்.' என்று சொல்லப்படும் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர்த் திட்டம் அவ்வாண்டில் தொடங்கியது. அதன்படி ரப்பரின் தரத்தைக் கண் சொல்வதில்லை, ஆய்வுக்கூடம் சொல்கிறது. ரப்பரில் சிறு துண்டை வெட்டியெடுத்து, கரைசலில் கரைத்து, மிக நுண்ணிய கம்பிச் சல்லடையில் வடிப்பார்கள். சல்லடையில் தங்கும் மண்ணையும் மரத்தூளையும் நிறுத்துப் பார்ப்பார்கள். எஸ்.எம்.ஆர். 5 என்றால் நூறு பங்கு ரப்பரில் அழுக்கு 0.05 பங்கைத் தாண்டக்கூடாது. எஸ்.எம்.ஆர். 20 என்ற பெயரும் அவ்வாறே முதலில் 0.20 பங்கு என்ற வரம்பைக் குறித்தது. பிற்காலத்தில் அந்த வரம்பை இன்னும் இறுக்கினார்கள். சல்லடைக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. பெரிய தோட்டத்து ரப்பரும் சிறு தோட்டக்காரர் ரப்பரும் அதற்கு ஒன்றே.

இதே எண்ணம் கணினித் துறையில் பிறந்தது 1978-ஆம் ஆண்டில். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடம் என்ற புகழ்பெற்ற நிலையம் இருந்தது. அங்கே டெனிஸ் ரிட்சி என்ற அறிஞர் 1972-ஆம் ஆண்டளவில் 'சி' என்ற நிரல்மொழியை உருவாக்கியிருந்தார். சி மொழி விரைவானது, சுதந்திரம் தருவது. நன்றாகத் தீட்டிய உளியைப் போன்றது எனலாம். கைப்பழக்கம் உள்ளவருக்கு அது வரம். சற்று அசந்தால் மரத்தைக் காயப்படுத்தும்.

அதே கூடத்தில் பணியாற்றியவர் ஸ்டீபன் ஜான்சன். அப்போது யூனிக்ஸ் என்ற கணினி அமைப்பை ஒரு வகை இயந்திரத்திலிருந்து வேறொரு வகை இயந்திரத்திற்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய இயந்திரத்தில் ஓடிய நிரல், புதிய இயந்திரத்தில் இடறி விழுந்தது. இலக்கணப்படி அதில் தவறில்லை. ஆயினும் உள்ளே சந்தேகத்திற்குரிய வரிகள் ஒளிந்திருந்தன. இவற்றைத் தேடிப் பொறுக்குவதற்கென்றே ஜான்சன் ஒரு நிரலை எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'லிண்ட்'.

லிண்ட் என்றால் என்ன? துணியில் ஒட்டியிருக்கும் நூல் தும்பு. சட்டையைத் துவைத்து உலர்த்தியபின் பாருங்கள். சட்டை சட்டையாகவே இருக்கும், ஆனால் அதன்மேல் சிறுசிறு தும்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தும்பு இருப்பதால் சட்டை கிழிந்துவிடவில்லை. ஆனாலும் தட்டிவிட்டால்தான் துப்புரவாகும். நிரலில் ஒட்டியுள்ள தும்பைத் தட்டும் பொறி என்ற பொருளில் ஜான்சன் அப்பெயரை வைத்தார். 1979-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு லிண்டும் வெளியுலகத்திற்கு வந்தது.

லிண்ட் எதையெதைத் தேடியது? ஒரு பெயரில் பெட்டி ஒன்றை உண்டாக்கிவிட்டு அதில் எதுவும் போடாமலே எடுக்க முயலுதல். பெட்டியை உண்டாக்கிவிட்டுக் கடைசிவரை பயன்படுத்தாமல் விடுதல். ஓரிடத்தில் இரண்டு பொருள் கொடுத்து அழைத்த வேலையை வேறோரிடத்தில் மூன்று பொருள் கொடுத்து அழைத்தல். எந்த வழியாகச் சென்றாலும் போய்ச் சேரமுடியாத வரிகளை எழுதிவைத்தல். இந்தக் கடைசிப் பிழையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவோம்.

ஆனால் ஒரு தொல்லையும் உடன் வந்தது. லிண்ட் அளவுக்கு மீறிக் குறை சொல்லிற்று. பிழையல்லாததையும் பிழை என்றது. நூறு எச்சரிக்கையில் தொண்ணூறு வீண் என்றால் மீதிப் பத்தை யார் படிப்பார்? புலி வருகிறது என்று கூவிய இடையன் கதைதான். ஆகவே பலர் அதை வாங்கி வைத்துக்கொண்டார்களேயொழிய நாள்தோறும் பயன்படுத்தவில்லை.

பிற்காலத்தில் வந்தவர்கள் இதைச் சீர்செய்தார்கள். 2001-ஆம் ஆண்டில் பைதான் என்ற நிரல்மொழிக்கு எழுத்து நடை விதிகளை எழுதி வைத்தார்கள். 2002-ஆம் ஆண்டில் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் என்பார் இணையப் பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு ஒரு லிண்ட் செய்தார். அது அவர் ஒருவருடைய கண்டிப்பைக் கொண்டது. பலருக்கு அது கடுமையாகப் பட்டது. 2013-ஆம் ஆண்டில் நிக்கலஸ் சாக்காஸ் என்பார் அதே மொழிக்கு 'ஈ.எஸ்.லிண்ட்' என்பதைத் தொடங்கினார். இதன் சிறப்பு என்னவென்றால், எந்த விதி வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்தந்தக் குழுவே முடிவுசெய்து கொள்ளலாம். விதி மேலிருந்து இறங்கவில்லை. கூடிப் பேசி எழுதப்பட்டது. இந்த வேறுபாடு சிறியதன்று, நேயர்களே.

இனி, லிண்ட் இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று பார்ப்போம். 2014-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளுக்கு அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. கைப்பேசி ஒரு வங்கியின் தளத்தோடு பேசும்போது, மறுமுனையில் இருப்பது உண்மையில் அந்த வங்கிதானா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி ஒன்று அதில் உண்டு. அந்தப் பகுதியில் 'கோட்டு ஃபெயில்', அதாவது 'தோல்விப் பகுதிக்குப் போ' என்ற வரி தவறுதலாக இருமுறை அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தது. முதல் வரிக்கு நிபந்தனை உண்டு: தவறு நேர்ந்தால் மட்டும் போ. இரண்டாவதற்கு நிபந்தனையே இல்லை, எப்போதும் போ. ஆகவே அதற்குக் கீழே இருந்த சரிபார்ப்பு வரிக்கு நிரல் ஒருநாளும் போகவேயில்லை. பூட்டு இருந்தது, சாவி திரும்பவில்லை. ஓராண்டுக்கு மேல் இந்நிலை நீடித்தது. இடையில் புகுந்த ஒருவன் வங்கியாக நடித்திருந்தால் கைப்பேசி நம்பியிருக்கும்.

போய்ச் சேரமுடியாத வரி! ஜான்சனின் லிண்ட் 1978-ஆம் ஆண்டிலேயே தேடிய பிழை இது. அதைக் காட்டும் கருவிகள் 2014-லும் கிடைத்தன. கருவி உலகில் இருப்பது வேறு. அதை வழியிலே பொருத்தி, எல்லாரும் அதனூடே கடந்து செல்லும்படி செய்வது வேறு.

அந்தப் பொருத்தும் முறையைத்தான் இன்றைய குழுக்கள் கற்றிருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள நம் பால் சென்ற வழியை எண்ணிப்பாருங்கள். முதலில் மரத்தடியில், மங்கில் கிடக்கும் பட்டைத் துணுக்கைப் பால்வெட்டுபவரே எடுத்துப் போடுவார். அடுத்து, கொட்டகையில் வாளிப் பாலைச் சல்லடையில் ஊற்றுவார்கள். கடைசியில் ஆய்வுக்கூடம். மூன்று இடம், மூன்று காவல்.

நிரலுக்கும் அப்படியே. முதலாவது, எழுதுபவரின் திரையிலேயே லிண்ட் உட்கார்ந்திருக்கும். பிழை விழுந்தவுடன் அடியில் கோடு போட்டுக் காட்டும். இரண்டாவது, எழுதியதைப் பொதுக் களஞ்சியத்தில் ஒப்படைக்கும் நேரம். லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் உருவாக்கிய 'கிட்' என்ற கருவியில்தான் இன்று பெரும்பாலான குழுக்கள் நிரலைச் சேர்த்து வைக்கின்றன. ஒப்படைக்கும் கணத்தில் ஒரு சோதனை தானே ஓடும்படி அதில் கொக்கி மாட்டி வைக்கலாம். மூன்றாவது, பொதுக் கணினியில் எல்லாருடைய வேலையும் ஒன்று சேரும் வாசல். அங்கே லிண்ட் மறுபடியும் ஓடும். பிழை இருந்தால் வாசல் திறக்காது. மூன்றாவது காவல் எதற்கென்றால், அவசரத்தில் ஒருவர் தம் கணினியின் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒப்படைக்க முடியும். பொது வாசலை அவ்வாறு தாண்ட முடியாது.

விதிகள் எல்லாம் ஒரே கோப்பில் எழுதி நிரலோடு சேர்த்தே வைக்கப்படுகின்றன. புதிதாகச் சேர்ந்தவரும் இருபது ஆண்டு அனுபவம் பெற்றவரும் ஒரே கோப்பைத்தான் பார்க்கிறார்கள். விதியை மாற்ற வேண்டுமானால் எல்லாரும் பார்க்கும்படி மாற்ற வேண்டும். ஓரிடத்தில் விதியை மீறத்தான் வேண்டுமென்றால், ஏன் மீறினோம் என்று அந்த இடத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

பழைய நிரலில் ஆயிரக்கணக்கான தும்புகள் இருந்தால் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் அவற்றை ஒரே நாளில் தட்டப் போவதில்லை. இருப்பதைக் கணக்கெடுத்துக் குறித்துவைத்து, இனி எழுதும் வரியில் புதுத் தும்பு சேராமல் பார்த்துக்கொள்கிறார்கள். விதிகளையும் ஒரேயடியாகப் போடாமல், கேடு விளைவிக்கும் பிழைகளுக்கானவற்றை முதலில் போடுகிறார்கள். இடைவெளி எத்தனை, வரி எங்கே முறியவேண்டும் என்ற அழகுச் சங்கதிகளைத் திருத்தும் பொறியிடமே விட்டுவிடுகிறார்கள். 2009-ஆம் ஆண்டில் கூகுள் வெளியிட்ட 'கோ' மொழி இதற்கென்றே ஒரு கருவியோடு வந்தது. மனிதர்கள் அதைப்பற்றிச் சண்டையிடுவது அத்தோடு நின்றது.

நம் தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் அவர்கள் 1985-ஆம் ஆண்டில் தொடங்கிய முரசு அஞ்சல், கணினியில் தமிழைத் தட்டச்சு செய்ய வழி திறந்தது. பிறகு ஆளுக்கொரு குறியீட்டு முறை பெருகவே, ஓரிடத்தில் எழுதிய தமிழை வேறோரிடத்தில் படிக்க முடியாமற்போனது. பொது விதி வேண்டுமென்று அறிஞர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள்; 2001-ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. இன்று யூனிகோடு என்ற பொதுக் குறியீடு நிலைத்துவிட்டது. ஆயினும் தும்பு தீரவில்லை. 'கோமதி' என்று ஒரு மாணவியின் பெயரை எழுதுகிறோம். 'கோ' என்பதன் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்பதே யூனிகோட்டின் விதி. அவ்விதியைப் பின்பற்றாமல் எழுதிய நிரலுக்கோ அவை இரு வேறு பெயர்கள். பள்ளிப் பட்டியலில் இருக்கும் பிள்ளையைத் தேடினால் 'இல்லை' என்று கணினி சொல்லும். எத்தனை பேர் உட்கார்ந்து கண்ணால் பார்த்தாலும் இப்பிழை தெரியாது. தானியங்கிச் சோதனை ஒன்றே காட்டும். உதவிப்பணப் பட்டியலில் அப்படி ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பத்துக்கு அது எத்தகைய இழப்பு என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

இங்கே நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற விரும்புகிறோம். 1980-களில் நம் தாயார் ஒரு தோட்டத்தில் பால் வெட்டினார். பரிசோதனைக்கு வருபவர் நல்ல மனநிலையில் இருந்தால் காயத்தைக் கண்டும் காணாமல் போவார். வேறொரு நாள் அதே அளவு காயத்திற்கு எல்லார் முன்னிலையிலும் ஏசுவார். தாயார் வருந்தியது பிழையைக் காட்டியதற்காக அன்று. "அளவு என்னான்னு சொல்லிட்டா அதுக்குத் தகுந்தாப்போல வெட்டலாமே" என்பதே அவர் கேள்வி. அளவு எழுத்தில் இல்லை, வாயில் இருந்தது.

முப்பது ஆண்டு கழித்து, நம்மிடம் படித்த ஒரு மாணவி கணினி வேலைக்குப் போனாள். குடும்பத்தில் முதன்முதலாக அலுவலகம் புகுந்தவள். ஆறே மாதத்தில் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்லி வந்தாள். "ஐயா, ஒவ்வொரு நாளும் எல்லார் முன்னாலயும் என் வரிகளைக் காட்டிக் குறை சொல்றாங்க. ஒருத்தர் சரின்னு சொன்னதை இன்னொருத்தர் தப்புன்னு சொல்றார்" என்று கண்கலங்கினாள். சற்றுப் பொறுத்திரு அம்மா என்று சொல்லி அனுப்பினோம். சில மாதங்களில் அந்தக் குழு விதிகளை எழுதி, லிண்டை வழியிலே பொருத்தியது. விதிகளைப் பேசிய கூட்டத்தில் அவளும் இருந்தாள்; அவள் சொன்ன இரண்டு விதிகளும் கோப்பில் ஏறின. அதன்பின் பிழை முதலில் அவள் திரைக்கே வந்தது. யாரும் பார்க்குமுன் திருத்திக்கொண்டாள். மூத்தவர்களும் இடைவெளியையும் புள்ளியையும் விட்டுவிட்டு, வேலையின் போக்கைப் பற்றி அவளோடு பேசலானார்கள். இன்றும் அவ்வேலையில்தான் இருக்கிறாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். லிண்ட் எல்லாம் அறிந்ததன்று. வரி ஒழுங்காக இருக்கிறதா என்று அது சொல்லும். செய்யும் காரியம் சரியா என்று சொல்லாது. சம்பளத்தைக் கூட்டவேண்டிய இடத்தில் கழித்து எழுதினாலும், எழுதிய முறை ஒழுங்காக இருந்தால் லிண்ட் வாய் திறக்காது. ரப்பரில் அழுக்கு எவ்வளவு என்று சல்லடை சொல்லும். வெட்டியவருக்குக் கூலி போதுமா என்று அது சொல்லுமா? அதற்கு மனிதர்தாம் வேண்டும். ஆகவே பொறி பார்த்தபின் மனிதரும் பார்க்கவேண்டும். பொறி சில்லறைப் பிழைகளைப் பொறுக்கித் தருவதே மனிதர் பெரியவற்றைப் பார்ப்பதற்காகத்தான்.

அதுபோலவே, விதியை எழுதுபவர் யார் என்ற கேள்வியும் எப்போதும் இருக்கும். 1954-ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபின், கூலியும் வேலை அளவும் இரு தரப்பும் பேசி ஒப்பந்தமாக எழுதப்பட்டன. எழுதிய விதி எல்லாக் குறையையும் தீர்த்துவிடவில்லை. ஆனால் எழுதிய விதியைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க முடிந்தது. கணினிக் குழுவின் கோப்பும் அத்தகையதே.

ஆகவே, பெற்றோர்களே! அடுத்த முறை உங்கள் பிள்ளை திரையின் முன் உட்கார்ந்து சிவப்புக் கோடுகளைப் பார்த்து முகம் சுளித்தால், அருகில் சென்று கேளுங்கள்: "இந்த விதியை யார் எழுதினது? நீயும் கூட இருந்தியா?" என்று. இருந்தேன் என்று சொன்னால் மகிழுங்கள். இல்லை என்றால், அடுத்த கூட்டத்தில் வாய் திறந்து பேசும்படி சொல்லுங்கள். மரத்தடியில் நம் தாய்மார்கள் கேட்க நினைத்தும் கேட்க முடியாமற்போன கேள்வியை, நம் பிள்ளைகள் இன்று கேட்கலாம்.